அரைச் சப்பையில் எவ்வளவு தண்ணீர்

இரும்பு டிரம்மின் சுகதுக்கம் பூலோகம் அண்ணாச்சிக்குத் தெரிந்த அளவுக்குத் தாராவியில் இன்னொருவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான். தொழிற்சாலைகள் எண்ணெயும் சாயமும் தீர்ந்ததும் கழித்துக் கட்டுகிற டிரம்கள் லாரி லாரியாக வந்து இறங்கும் காசிம் பாயின் பட்டறையில் அவருக்கு வேலை. நசுங்கி வருகிற டிரம்முக்கு உள்ளே கட்டையை முட்டுக் கொடுத்து, வெளியே மரச்சுத்தியால் தட்டித் தட்டி மறுபடி உருண்டையாக்கி அனுப்புவார். தட்டும்போது அதோடு பேசவும் செய்வார். பெண்டாட்டியிடம் பேசியதைவிட டிரம்மிடம் பேசியதுதான் அதிகம் என்று சந்தில் கேலி செய்வார்கள். அவர் மனைவி பானுமதியும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

பட்டறையில் ஒரு கணக்கு உண்டு. காசிம் பாயின் அப்பா காலத்திலிருந்து வருவது. லாரியிலிருந்து டிரம் உருண்டு இறங்கும்போதே ஒருவர் நின்று தரம் சொல்ல வேண்டும். ஒழுங்காக இருந்தால் ‘நேர்’. கொஞ்சம் அமுங்கியிருந்தால் ‘கால் சப்பை’. இரண்டடி விட்டம் ஓரடிக் கனமாக அமுங்கியிருந்தால் ‘அரைச் சப்பை’. அரைச் சப்பை இரண்டு சேர்ந்தால் ஒரு டிரம் என்று கணக்கு. பாதி நசுங்கியது பாதி டிரம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தரம் சொல்கிற ஆள் பூலோகம். அவர் ‘அரை’ என்றால் அரைதான், காசிம் பாயே எதிர்த்துப் பேசமாட்டார்.

பூலோகமும் பானுமதியும் குடியிருக்கும் சந்து லேபர் கேம்ப் பக்கம் உள்ளே உள்ளே போய் முடிகிற ஒன்று. அகலம் மூன்றரை அடி. இடது சுவரோரமாக வீட்டுக்கு ஒன்றாக டிரம்கள் நிற்கும். எல்லாம் சமையல் எண்ணெய் வந்த டிரம்கள், பூலோகம் தேடிப் பொறுக்கி, கழுவி, உள்ளே பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தவை. காலையில் கொஞ்ச நேரம் வருகிற குழாய்த் தண்ணீரை அதில் பிடித்தால்தான் அன்றைக்குப் பிழைப்பு. டிரம்மை வீட்டுக்குள் வைக்கலாமே என்று கேட்பவர்கள் அந்த வீடுகளைப் பார்த்ததில்லை. டிரம் உள்ளே வந்தால் ஓர் ஆள் வெளியே போக வேண்டும். ஆகவே டிரம் போக மிச்சமுள்ள ஒன்றரை அடியில் சந்தே ஒருக்களித்து நடக்கும்.

பானுமதி இரண்டு வருஷத்துக்கு முன் ஏணிப்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஒரு தரும ஸ்தாபனம் சக்கர நாற்காலி கொடுத்தது. நல்ல நாற்காலிதான். அதன் அகலம் இரண்டடிக்குச் சற்று மேலே. சந்தில் மிச்சம் ஒன்றரை அடி. வந்த நாளிலிருந்து அது மடங்கியபடி சுவரில் ஆணியில் தொங்கியது. பூலோகத்தின் சட்டைகள் அதில் காய்ந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பூலோகம் அவளை முதுகில் உப்புமூட்டையாகச் சுமந்து ரோடு வரை போவார். அவருக்கும் வயதாகிறது அல்லவா? போன வருஷம் குடலிறக்கம் என்று வயிற்றைக் கிழித்துத் தைத்த டாக்டர், இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்புறம் ஒருமுறை சந்து ஆண்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். சேலை விலகியதைச் சரிசெய்ய ஒரு கையும் விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு கையுமாக அவள் போன போக்கைச் சந்தே பார்த்தது. திரும்பி வந்ததும் பானுமதி சொன்னாள்: “இனிமே என்ன யாரும் தூக்கப்படாது. செத்தாத் தூக்குங்க.” அப்புறம் மழைக்காலம் முழுக்க அவள் வாசலைத் தாண்டவில்லை.

இதில் பூலோகத்தைத் தின்ற விஷயம் வேறு. விழுந்த புதிதிலேயே பானுமதி ஒரு யோசனை சொன்னாள். “டிரம்மையெல்லாம் சப்பையாக்கிச் சுவரோட ஒட்ட வச்சிட்டா நாற்காலி போயிரும்லா?” சந்தே கூடி நின்று கேட்டது. எல்லோரும் பூலோகத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் யோசிக்கக்கூட இல்லை. “அரைச் சப்பை அரை டிரம்தான் பிடிக்கும். எல்லாருக்கும் தண்ணி பாதியாயிரும்” என்று பட்டறைக் குரலில் தரம் சொல்லிவிட்டார். பாதித் தண்ணீருக்கு யார் சம்மதிப்பார்கள்? அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தன் பெண்டாட்டிக்குத் தானே கதவைச் சாத்திவிட்டோமே என்ற நினைப்பு மட்டும் அவருக்குச் சோற்றுக் கையோடு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மாடியில் கீதா டியூஷன் எடுப்பாள். சந்திலேயே பிறந்து, மாட்டுங்காவில் கல்லூரிக்குப் போய்க் கணக்குப் படித்த பெண். தமிழ் எழுதப் படிக்கத் தடுமாறுவாள். பேச்சில் பாதி இந்தி. பலகைத் தளம் என்பதால் மேலே சொல்வதெல்லாம் கீழே தெளிவாக விழும். நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற பானுமதி பத்தாம் வகுப்புக் கணக்கைக் காதாலேயே படித்து முடித்திருந்தாள். ஒரு சாயங்காலம் மேலே உருளையின் கொள்ளளவு நடந்துகொண்டிருந்தது. ஆரத்தின் வர்க்கம், பை, உயரம். பானுமதி கழுத்தைத் தூக்கிக் குரல் கொடுத்தாள்.

“ஏட்டி கீதா! உருண்ட டிரம்முக்குச் சொல்லுத. நசுங்குன டிரம்முக்கு என்ன கணக்கு?”

கீதா ஏணியில் பாதி இறங்கி வந்து தலையை நீட்டினாள்.

“அத்தை, அது புக்லயே இல்ல.”

“புக்ல இல்லேன்னா? நம்ம கல்லியில, இந்தச் சந்துல இருக்கே.”

கீதா பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சாக்பீஸோடு கீழே வந்தாள். பூலோகம் அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். ‘இது எனக்குத் தெரியாத டிரம்மா’ என்கிற முகத்தோடு, பெட்டி கட்டும் இரும்புப் பட்டை ஒன்றை வளைத்து முனைகளைக் கோத்து, ஓர் அடி விட்டத்தில் வளையம் செய்து கொடுத்தார். “நெசத்துல ரெண்டடி. நீ பாதியா வச்சிப் பாரு.” வளையத்தைத் தரையில் போட்டு இரண்டு பக்கமும் பலகை வைத்து, பாதிக் கனம் வரும்வரை நெருக்கினார்கள்.

“மாமா, இப்ப இந்தப் பட்டை நீளம் கம்மி ஆச்சா?”

“அது எப்படி ஆவும்? பட்டை அதே பட்டைதான்.”

“அச்சா, அது போதும்” என்றாள் கீதா.

இரண்டு ஓரத்திலும் இரண்டு அரைவட்டம், நடுவில் நேராக ஒரு பெட்டி. அப்படித்தான் இருந்தது நசுங்கிய வளையம். கீதா நிஜ டிரம்மின் அளவிலேயே தரையில் வரைந்தாள். இரண்டு ஓரத்தையும் சேர்த்தால் ஓரடி வட்டம் ஒன்று. ஓரடி வட்டம் இரண்டடி வட்டத்தில் கால் பங்கு. இதைப் பூலோகம் உடனே ஒத்துக்கொண்டார். ஓரடி மூடிக்கு ஆகிற பெயின்ட்டைப்போல இரண்டடி மூடிக்கு நாலு மடங்கு ஆகும் என்பது அவர் கை அறிந்த விஷயம். நடுப்பெட்டிக்கு வந்தாள் கீதா. ஓரடி வட்டத்தின் சுற்று இரண்டடி வட்டத்தின் சுற்றில் பாதி என்பதால், மொத்தச் சுற்றளவில் பாதி அந்த இரண்டு ஓரங்களுக்குப் போய்விட்டது. மீதிப் பாதிதான் மேலும் கீழும் இரண்டு நேர்க்கோடு. ஒரு கோடு ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல், கனம் ஓரடி. பெருக்கிப் பார்த்தால் பெரிய வட்டத்தில் சரிபாதி வந்தது.

“பெட்டி அரை. ஓரம் கால். மொத்தம் முக்கால்” என்றாள் பானுமதி, கீதா வாயைத் திறப்பதற்குள்.

அரை என்று பூலோகம் ஆயுசெல்லாம் சொல்லிவந்தது முக்காலாக வந்து தரையில் கிடந்தது. கணக்கில் எங்கோ திருட்டு இருக்கிறது என்றுதான் முதலில் அவருக்குத் தோன்றியது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் முக்கால். கீதாவுக்கும் ஏதோ பிடித்துக்கொண்டது. முழங்கால் போட்டு உட்கார்ந்து அரையடி மட்டும் நசுக்கினால் என்ன ஆகும் என்று போட்டாள், முக்காலடி நசுக்கினால் என்ன ஆகும் என்று போட்டாள். போடப் போட அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

“மாமா, இத தேக்கோ, பாருங்க. ஓரடி அமுக்குனோம். காணாம போனது கரெக்டா ஓரடி வட்டம். அரையடி அமுக்குனா அரையடி வட்டம் போவுது. முக்காலடின்னா முக்காலடி வட்டம். எவ்ளோ அமுக்குறோமோ அவ்ளோ அகலத்துக்கு ஒரு ரவுண்டு போவுது. வேற எதுவுமே போகல. அரே, எனக்கு இது யாரும் சொல்லித் தரல மாமா.”

பூலோகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை ஆயிரம் டிரம் அவர் கைவழியாகப் போயிருக்கும்! லாரியில் இடிபட்டது, மேலிருந்து விழுந்தது, கிரேன் மோதியது. கண்டபடி வாங்கிய அடி என்று அவர் நினைத்திருந்த ஒவ்வொரு நசுங்கலுக்குள்ளும் பிசகே இல்லாத ஒரு வட்டம் இருந்திருக்கிறது. அடித்தவனுக்கும் தெரியாது, அடி வாங்கிய டிரம்முக்கும் தெரியாது, தட்டி நிமிர்த்திய அவருக்கும் தெரியாது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது நிற்பதுபோல அந்தச் சாக்பீஸ் கோடுகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று இரவு பானுமதி அதை அழிக்கவிடவில்லை. இருவரும் கோட்டை மிதிக்காமல் ஒதுங்கிப் படுத்தார்கள்.

கணக்கு சரி, கல்லி சம்மதிக்க வேண்டுமே. சந்தில் தண்ணீர் விஷயத்தில் கடைசிச் சொல் சேசம்மாளுடையது. வீட்டில் ஆறு பேர். அவள் டிரம் நிற்பது சந்து திரும்பும் முடக்கில். அது நகராமல் எது நகர்ந்தும் பயனில்லை. பூலோகம் போய் முக்கால் கணக்கைச் சொன்னார்.

“அண்ணாச்சி, அன்னைக்கி அரைன்னு சொன்னது நீங்கதான். இன்னைக்கி முக்கால்ங்கீய. நாளைக்கி முழுசும்பீயளா?” என்றாள் சேசம்மாள். “சரி, முக்கால்னே வைங்க. கால் போனது போனதுதானே? அந்தக் கால் டிரம்லதான் எம்பிள்ளைய குளிக்குது.”

அவள் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் பூலோகத்துக்குக் கஷ்டமாக இருந்தது. திரும்பி வந்து பானுமதியிடம் சொன்னார். அவள் தரையைப் பார்த்தாள்.

“அகலத்துலதானே போச்சு? ஒசரத்துல குடுங்களேன்.”

ஏணி மேலிருந்து கீதா கத்தினாள்: “ஓரடி! மூணடி டிரம்ல கால் போச்சுன்னா ஓரடி ஏத்துங்க மாமா! நாலடியில முக்கால்னா மூணு. சேம் டு சேம்!”

அவ்வளவு வட்டமும் வளைவும் கடைசியில் இப்படி முழுசாக ஓரடியில் வந்து நிற்கும் என்று யார் கண்டது? பூலோகம் சிரித்தேவிட்டார். பானுமதி விழுந்த பிறகு அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

காசிம் பாய் வெள்ளிக்கிழமை பட்டறையைத் திறந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க நிமிர்த்திய கை முதல்முறையாக ஒரு நல்ல டிரம்மை நசுக்கப் போனது. முதல் அடி விழவே நேரமாயிற்று. “கோவிச்சுக்காத” என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் சுத்தியை ஓங்கினார். மூடிகளை வெட்டி எடுத்து, உடம்பைப் பலகைகளுக்கு நடுவே நெருக்கி, இன்னொரு டிரம்மிலிருந்து ஓரடி வளையம் வெட்டி அதையும் அப்படியே நெருக்கி மேலே வைத்துப் பற்றவைத்தார். அடிக்குப் பழைய மூடி பத்தாது. நசுங்கியது நீளத்தில் அரையடிக்கு மேல் வளர்ந்திருந்தது. தனித்தகடு வெட்டிப் பொருத்தினார். குட்டையான சேசம்மாளுக்கு எட்டாதே என்று கீழே ஒரு குழாயும் வைத்தார்.

தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது அது காரியத்தைக் கெடுத்தது. ஏற ஏற, தட்டையான பக்கங்கள் வயிறு தள்ளின. ஓரடிக் கனம் ஒன்றரை அடியை நோக்கிப் போயிற்று. நாற்காலி போக வேண்டிய இடத்தை டிரம் திரும்ப எடுத்துக்கொண்டது. பூலோகம் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

“அது அப்படித்தான் பண்ணும் மாமா” என்றாள் கீதா. “அதே தகடுல அதிகம் பிடிக்கிற ஷேப் ரவுண்டுதான். தண்ணி இடம் தேடுது. அதுக்கு ரவுண்டா ஆகணும்.”

அந்தப் பச்சைத் தண்ணீருக்கு இது யார் சொல்லித் தெரியும்? தான் சுத்தியால் செய்கிற வேலையைத் தண்ணீர் சும்மா நின்றே செய்கிறது என்று பூலோகத்துக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. மறுவாரம் இரண்டு பக்கத்தையும் உள்ளே குறுக்குக் கம்பிகளால் இழுத்துக் கட்டினார். அப்புறம் அது அசையவில்லை.

டிரம்மைச் சந்துக்குக் கொண்டுவந்தபோது சேசம்மாள் நிபந்தனை போட்டாள். கணக்கெல்லாம் வேண்டாம். அன்று காலை அவள் பிடித்து வைத்த டிரம் முழுத் தண்ணீரையும் புது டிரம்மில் ஊற்ற வேண்டும். “ஒரு சொட்டு மிஞ்சிக் கல்லியில விழுந்தாலும் என் டிரம்மு நிக்கிற இடத்துலயே நிக்கும். அப்புறம் யாரும் என்கிட்டப் பேசப்படாது.”

குழாயில் தண்ணீர் நின்றபின் சந்து முழுக்க வாசலில் நின்றது. சேசம்மாள் தானே மொண்டு மொண்டு ஊற்றினாள். பானுமதி தன் வாசலில் உட்கார்ந்து இருந்தாள். அவளுக்கு அங்கிருந்து டிரம் தெரியாது. ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆரம்பத்தில் ஆழத்தில் விழுந்த சத்தம் மெல்ல மெல்ல மேலேறி வந்தது. பூலோகம் புது டிரம்மின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கு தப்பாது, நம் கை தப்பியிருந்தால்? நெருக்கியதில் ஓர் அங்குலம் கூடியிருந்தால்? வளையத்தை ஒரு விரல் குறைத்து வெட்டியிருந்தால்? இந்தக் குற்றத்துக்கு வேறு யாரையும் கைகாட்ட முடியாது. பாதிக்கு மேல் போனதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பழைய டிரம்மின் அடியில் சொம்பு உராயும் சத்தம் கேட்டது. சேசம்மாள் அதைச் சாய்த்துக் கடைசித் தண்ணீரையும் வழித்து ஊற்றினாள். பூலோகம் கண்ணைத் திறந்தார். புது டிரம்மில் தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்து நின்று, லேசாக ஆடி, அடங்கியது. அத்தனையும் உள்ளே இருந்தது. சந்து காய்ந்து கிடந்தது.

சேசம்மாள் காலி டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். புது டிரம்முக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ஏதோ மோசடி நடந்ததுபோல அதைச் சுற்றி வர முயன்று, சுவர் தடுக்கவும் நின்றாள். “மாதாவே!” என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் பூலோகத்தைப் பார்த்து, “இந்த உருண்டைய எப்ப எடுத்துட்டுப் போறீய?” என்றாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சந்தில் டிரம்கள் மெலிந்தன. சும்மா சொல்லக்கூடாது, எதிர்வீட்டுக்காரர்களும் கூட வந்து பலகை பிடித்தார்கள். பட்டறையில் ‘அரை’ என்று தரம் சொல்ல வாய் வராமல் பூலோகம் இரண்டொரு நாள் தடுமாறினார். காசிம் பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவியபடி வெகுநேரம் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கடைசி டிரம்மும் சுவரோடு ஒட்டிய மறுநாள் சாயங்காலம், பூலோகம் ஆணியிலிருந்து நாற்காலியை இறக்கி விரித்தார். பானுமதி கைகளால் ஊன்றி அதில் தானே ஏறிக்கொண்டாள், தொட விடவில்லை. தலை வாரி, நல்ல சேலை உடுத்தியிருந்தாள். அவர் பின்னால் பிடித்துத் தள்ள, நாற்காலி வாசலைத் தாண்டியது. இரண்டு பக்கமும் நாலு விரல்கூட மிச்சமில்லை. ஆனாலும் மிச்சம் இருந்தது. முடக்கில் சேசம்மாள் தன் பிள்ளைகளை இழுத்துச் சுவரோடு நிறுத்தி வழி விட்டாள். யாரையும் யாரும் தூக்கவில்லை.

சந்து முடிந்து ரோடு வந்தது. பஸ், டெம்போ, காய்கறி வண்டி, ஜனம், மேலே முழுசாக வானம். பானுமதி முகத்தைத் தூக்கி வெயிலில் வைத்துக்கொண்டாள். பூலோகம் எந்தப் பக்கம் தள்ளுவது என்று காத்திருந்தார். அவள் பின்னால் கையை நீட்டி, பிடியில் இருந்த அவர் விரல்களைத் தட்டிவிட்டாள்.

“கைய எடுங்க. நான் போயிட்டு வாரேன்.”

அவர் எடுத்தார். சக்கரத்தை அவளே உருட்டி, ஜனத்துக்குள் நுழைந்து, ஒரு டெம்போவுக்குப் பின்னால் மறைந்துபோனாள். பூலோகம் சந்து வாயிலேயே நின்றார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, பானுமதி எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.